கால் எட்டும் இருக்கை

ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில், 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பேயில் 1920இல் கிளைடர் போட்டி தொடங்கியது. அதன் அடிவாரத்துப் பொப்பன்ஹவுசனில் அலெக்சாண்டர் ஷ்லைஷர் 1927இல் நிறுவிய தொழிற்சாலை இன்றும் கிளைடர் கட்டுகிறது. பனிக்காலம் வந்தால் அந்தப் பக்கத்துக் கிளப்புகளில் பறப்பது குறைந்து பட்டறை வேலை தொடங்கிவிடும். உப்புத்தாள் தேய்ப்பதிலிருந்து எல்லாமே உறுப்பினர்களின் கைவேலைதான்.

நான் போன பட்டறையில், அந்தத் தொழிற்சாலையில் உருவான ஏஎஸ்கே 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடர் ஒன்று இறக்கை கழற்றி நின்றது. முன்னிருக்கையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, முதுகில் பாராசூட்டோடு பட்டைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயரம் ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

“எல்லாவற்றையும் கடைசிவரை தள்ளிக் காட்டு” என்றார் பட்டறைப் பெரியவர். இழுவைக் கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் குமிழ் எட்டியது. டிரிம்முக்கான பச்சைக் குமிழும் எட்டியது. ஏர்பிரேக்கின் நீலக் கைப்பிடியில்தான் சிக்கல். அதை முழுக்க முன்னே தள்ளினால்தான் பூட்டு விழும்; தோள்பட்டை வாரை மீறி அவள் கை போகவில்லை. பெடலை முழுக்க மிதித்தால் இடுப்பு ஒருபக்கம் சரிந்தது. பெடல்களோ ஏற்கெனவே அருகில் வரக்கூடிய கடைசி இடத்தில் இருந்தன. இவளுக்கு உயரம் போதாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இருக்கை போதவில்லை என்றார்கள். அதுதான் சரியான பேச்சு.

முதுகுக்கு வீட்டுத் தலையணை ஒன்றைக் கொடுத்தால் ஆபத்து. விஞ்ச் கயிற்றைச் சுருட்டி இழுக்கும்போது கிளைடர் சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டி, மூக்கை நன்றாக உயர்த்தி ஏறத் தொடங்கும். அப்போது பஞ்சு அமுங்கினால் உடல் பின்னால் சரியும். ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கையும் அதைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். தரைக்கு அருகிலேயே மூக்கு எகிறிவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. உட்காரும் இடத்திலும் மெத்தென்ற பஞ்சு ஆகாது. தடாலென்று தரையில் இறங்கினால் அது அமுங்கி, உடலைத் திரும்ப உந்தி, முதுகெலும்பை முறிக்கலாம். அதனால் அடியில் மெதுவாக அமுங்கி மெதுவாகவே எழும், அதிர்ச்சியை உறிஞ்சும் ஃபோம். முதுகுக்குக் கெட்டியான ஃபோம்.

அந்தக் கெட்டி ஃபோமில் முதுகுப் பலகையைச் செதுக்கியதுதான் நான் நெடுநேரம் பார்த்த வேலை. பெரியவர் ரம்பத்தகட்டால் சீவுவார், அவளை உட்காரச் சொல்வார், இடுப்பின் வளைவில் விரல்விட்டு இடைவெளி தேடுவார், மறுபடி சீவுவார். உடம்பு எங்கும் தொங்காமல் படிந்த பிறகே ஃபைபர் கிளாஸ் துணியை எபாக்ஸியில் நனைத்து மேலே போர்த்தினார். இருக்கை உயர்ந்ததால் வார்களின் கோணமும் மாறியிருந்தது. மடிவார் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் கிடக்கிறதா, தலைக்கும் மேல்மூடிக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அடுத்தது எடை. முன்னிருக்கையில் பாராசூட்டோடு குறைந்தது 70 கிலோ வேண்டும். அது குறைந்தால் எடைமையம் பின்னே நகரும். கிளைடர் சுழலில் விழுந்தால் மீள்வது கடினம். ஈயத் தகடுகளை முன்பக்கத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் திருகி இறுக்கினார். கழன்று உருளும் ஈயம், இல்லாத ஈயத்தைவிட மோசம். எடைக்கணக்கு ஏட்டில் ஏறி, ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த இருக்கையில் பறக்கலாம்.

பின்னிருக்கைக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்றாள் அந்தப் பெண். அது பயிற்றுநர் உட்காரும் இடம்.