புத்தகமும் வண்டியும்

ஜனவரி 4

ராணுவம் கழித்துவிட்ட பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அதில் எதைப் புதுப்பிக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்கப் படைக்காக டாட்ஜ் 1951இல் கட்டத் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் விட்டு, 1968 வரை கட்டிய எம்37 வண்டியை எடுத்துக்கொள்கிறேன். முக்கால் டன் சுமக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும், துணிக்கூரை போட்ட வண்டி. கொரியாவிலும் வியட்நாமிலும் ஓடி முடித்த பிறகு பண்ணைக்காரர்களிடமும் சிற்றூர்த் தீயணைப்பு நிலையங்களிடமும் போய்ச் சேர்ந்தது. இன்று அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்களில் பலர் பணத்தைக் கொட்டுவது தோற்றத்தில்தான். ஆலிவ் பச்சை சரியான சாயல்தானா, கதவில் இருக்கும் வெள்ளை நட்சத்திரம் அளவு பிசகாமல் வந்திருக்கிறதா, பம்பரில் படைப்பிரிவின் எழுத்து அந்தக் காலத்து அச்சில் இருக்கிறதா என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அதே கையோடு பானெட்டைத் திறந்து 24 வோல்ட் வயரிங்கைப் பிடுங்கிவிட்டு 12 வோல்ட் போடுகிறார்கள். இன்னும் சிலர் எஞ்சினையே தூக்கிவிட்டு வி8 ஒன்றை இறக்குகிறார்கள். என் கட்சி இதற்கு நேர்எதிர். சாயம் பிசகினால் பிசகட்டும். அந்த வண்டிக்கென்று ராணுவம் அச்சிட்ட கையேட்டைப் பிரித்தால், அதில் சொல்லியிருப்பது வண்டியில் இருக்க வேண்டும். புதுப்பித்த வேலை சரியா தவறா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 12

கையேட்டை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும்? சாதாரணக் காரைச் செய்கிற கம்பெனி, அதைப் பழுதுபார்க்க அனுபவப்பட்ட மெக்கானிக் ஒருவர் ஊருக்குள் இருப்பார் என்று நம்பிச் செய்கிறது. ராணுவத்துக்கு அந்த நம்பிக்கை கிடையாது. வண்டியடியில் படுத்திருப்பவன் படையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன இருபது வயதுப் பையனாக இருக்கலாம். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போயிருக்கலாம். உதிரி பாகம் கடல் தாண்டி வர வேண்டியிருக்கலாம். அதனால் பழுதுபார்க்கும் வேலையையே படிப்படியாகப் பிரித்தார்கள். எண்ணெய் மட்டம், டயர் காற்று, துடைப்பது ஓட்டுநரின் பொறுப்பு. பிளக், பாயிண்ட், பிரேக் சரிசெய்வது அந்தப் பிரிவின் மெக்கானிக்குக்கு உரியது. எஞ்சினைப் பிரிப்பது அதற்கும் மேலே, முழு ஓவர்ஹால் கடைசியாக டிப்போவில். எம்37க்கு டிஎம் 9-8030 என்று வந்த கையேடு இந்தப் பிரிவினையை ஒட்டித்தான் எழுதப்பட்டது. பிற்பாடு வந்த எண்முறையில் வால் எண் 10 என்றால் ஓட்டுநருக்கு, 20 என்றால் பிரிவு மெக்கானிக்குக்கு என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, வண்டியைக் கட்டிய பிறகு அதற்கு விளக்கம் எழுதியதாக இது இல்லை. இந்த ஆள் இந்தச் சாவியோடு இவ்வளவு நேரத்தில் இதைக் கழற்ற வேண்டும் என்ற கணக்கு, வண்டியின் போல்ட்டிலும் மூடியிலும் இருக்கிறது. எந்தக் கியரில் எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுகூட டேஷ்போர்டில் தகட்டில் அடித்து வைத்திருக்கிறது. வண்டி பாதி, புத்தகம் பாதி என்றுதான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது. பாதியை மாற்றிவிட்டு மறுபாதியை அலமாரியில் அழகுக்கு வைத்தால் இரண்டுமே வீண்.

ஜனவரி 21

இன்று வயரிங்கை மட்டும் பார்க்கலாம். எம்37இல் வயரின் முனைக்குச் சற்று உள்ளே, சின்னதாய் ஓர் உலோகப் பட்டை வளையம்போல் கவ்வியிருக்கும். அதில் ஓர் எண் பொறித்திருக்கும். 12 என்றால் இக்னிஷன். அரை நூற்றாண்டு எண்ணெயும் சேறும் ஏறிய பிறகு வயரின் நிறம் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். எண் அப்படியே இருக்கும், நகத்தால் சுரண்டினால் தெரியும். அந்த எண் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியதும் அல்ல. இரண்டரை டன் எம்35 லாரியிலும் அதே வேலைக்கு அதே எண்தான். ஒரு வண்டியில் கற்றுக்கொண்டவன் இன்னொரு வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்கலாம். விளக்கு ஸ்விட்சும் அப்படித்தான். மூன்று நெம்புகோல்கள் உள்ள ஒரே ஸ்விட்ச் பல வண்டிகளுக்குப் பொது. அதில் ஒன்று வெறும் பூட்டு. அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் மறு கையால் ஹெட்லைட்டைப் போட முடியும். எதிரிக்குப் பக்கத்தில் இருட்டில் போகும்போது கை தவறி வெளிச்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் தன் வண்டிகளுக்கெல்லாம் 24 வோல்ட்டைப் பொதுவாக்கியதற்கும் இதே மாதிரி காரணங்கள் உண்டு. ஒரே அளவு மின்திறனை அனுப்ப, 12 வோல்ட்டில் தேவைப்படும் கரண்டில் பாதி போதும். அதே தடிமன் வயரில் சூடாகி வீணாவது நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. ரேடியோவுக்கும் ஒரே மின்னழுத்தம். ரேடியோவில் இக்னிஷன் இரைச்சல் கேட்கக் கூடாது என்பதற்காக பிளக் வயர்களுக்கு உலோகக் கவசம் போட்டு இரு முனையிலும் மரையிட்டு முடுக்கினார்கள். ஓட்டுநரின் இருக்கையே நீருக்குள் போகும் ஆழத்தில், அதற்கான குழாய்களை மாட்டிக்கொண்டு, ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதால் காயிலையும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளேயே வைத்து மூடி, ஈரக்காற்று வெளியேற மெல்லிய குழாய்கள் விட்டார்கள். ஆகவே 24 வோல்ட், நீர்க்காப்பு, ரேடியோக் காப்பு மூன்றும் ஒரே பின்னல். 12 வோல்ட் போடுகிறவர் காயிலை மாற்ற வேண்டும். காயில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருப்பதால் அதையும் மாற்றுகிறார். அதோடு கவசம் போட்ட வயர்களும் போகின்றன. பாட்டரியில் ஆரம்பித்த வேலை எஞ்சினின் தலைவரை போய்விடுகிறது. கையேட்டில் மின்சாரத்தைப் பற்றி எழுதிய அத்தியாயம் முழுதும் அன்றோடு பொய்யாகிறது.

பிப்ரவரி 2

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானதுதான். 24 வோல்ட் உதிரிகள் விலை அதிகம், பக்கத்துக் கடையில் கிடைக்காது, செல்போன் சார்ஜ் செய்யக்கூட வழியில்லை என்கிறார்கள். கடைசிக் குறைக்கு உள்ளங்கையளவு கன்வெர்ட்டர் போதும். கிடைக்காது என்பது அமெரிக்கச் சாலைகளில் 12 வோல்ட்டே பழகிப்போனதால் வந்த எண்ணம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கனரக லாரிகளும் பஸ்களும் பெரும்பாலும் 24 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பல்பும் ரிலேயும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். விலை அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீர்புகாத டிஸ்ட்ரிப்யூட்டரை ஒருமுறை ரப்பர் மாற்றி நன்றாக மூடிவிட்டால் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் அந்த விலையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இரண்டு மின்னழுத்தத்தையும் ஒரே வண்டியில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணுவமே சாட்சி விட்டுச் சென்றிருக்கிறது. 1984 முதல் 1987 வரை செவ்ரலே பிக்கப்பை வாங்கி எம்1008 என்று பெயரிட்டார்கள். 6.2 லிட்டர் டீசல். விளக்கும் மற்றவையும் 12 வோல்ட், ஸ்டார்ட்டர் 24 வோல்ட், இரண்டு ஆல்டர்னேட்டர், தொடரில் இணைத்த இரண்டு பாட்டரிகள். எஞ்சினைச் சூடேற்றும் எட்டு குளோ பிளக்குகளும் 12 வோல்ட்டுக்கானவை. அவற்றுக்கு 24 வோல்ட்டை ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒரு பிளக் கருகினால் ரெசிஸ்டர் வழியே போகும் கரண்ட் குறைகிறது. கரண்ட் குறைந்தால் அங்கே விழும் வோல்ட்டும் குறைகிறது. மிச்சமுள்ள ஏழுக்கும் கூடுதல் வோல்ட் போகிறது. ஏழில் ஒன்று கருகும், பிறகு ஆறில் ஒன்று. காரணம் தெரியாமல் கருகியதை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் வேலை ஓயாது. அதனால் பலர் ரெசிஸ்டரை விட்டுவிட்டு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குச் சம்மதமே. பழுதின் வேரைப் பிடித்துச் செய்தது, நான்கு போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் பழையபடி ஆகும். ஒரே ஒரு நிபந்தனை, மாற்றியவர் அதை எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விற்றால், வாங்கியவர் கையேட்டை வைத்துக்கொண்டு இல்லாத ஒரு வழியில் பழுதைத் தேடுவார்.

பிப்ரவரி 13

இன்னும் வலுவான மறுப்பு இது: ராணுவமே ஆயிரம் மாற்றங்கள் செய்திருக்கிறது, டிப்போவுக்குப் போன வண்டி போனபடியா திரும்பி வந்தது, அப்படியிருக்க அசல் என்ற பேச்சுக்கு என்ன பொருள்? உண்மைதான். முழுதாகப் பிரித்துக் கட்டிய வண்டிகளின் டேஷ்போர்டில், எந்த டிப்போவில் எந்த மாதம் கட்டப்பட்டது என்று இன்னொரு தகடே அறைந்திருக்கும். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்து, கியர்பாக்ஸ் வேறொன்றிலிருந்து. சாஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பந்தயக் கார் வாங்குகிறவர்போல் பார்ப்பதற்கு ராணுவ வண்டியில் அர்த்தமே இல்லை. என் வாதம் அந்தப் பொருளில் அசலைப் பற்றியதே அல்ல.

அப்படியானால் நான் வி8 போட்டால் மட்டும் ஏன் தவறு என்று கேட்பார்கள். வித்தியாசம் இருக்கிறது. டிப்போ கழற்றியது 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். போட்டதும் அதே 230 கன அங்குல எஞ்சின். வண்டி வெளியே வந்த மறுநாள் அதைப் பார்த்திராத மெக்கானிக் ஒருவன் அதே பக்கத்தைப் புரட்டி அதே சாவியால் வேலை செய்ய முடிந்தது. வி8 போட்ட வண்டி அதைப் போட்ட ஒருவரின் நினைவில் மட்டும் வாழ்கிறது. மவுண்ட் எங்கே வெல்டு வைத்தது, ரேடியேட்டர் ஹோஸ் எந்த வண்டியினுடையது, திராட்டில் கம்பி எங்கிருந்து எடுத்தது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். 78 குதிரைத்திறன் போதவில்லை என்பது மெய். 5.83 விகித ஆக்ஸிலில் மணிக்கு 55 மைல் போனாலே எஞ்சின் இரைகிறது. ஆனால் அந்த விகிதம் சேற்றில் ஏறுவதற்காக வைத்தது. நெடுஞ்சாலையில் 70 மைல் போக வேண்டுமென்றால் அதற்கு வேறு வண்டிகள் உண்டு. இரட்டைத் திறனை அந்த ஆக்ஸிலிலும் கியர்பாக்ஸிலும் ஏற்றினால் அடுத்து உடைவது அவைதான். பிறகு அவற்றையும் மாற்ற வேண்டும். கடைசியில் மிஞ்சுவது பச்சைத் தகரமும் நட்சத்திரமும்.

பிப்ரவரி 24

புத்தகத்தை வேதமாக்கிவிடக் கூடாது என்பதையும் எழுதிவிட வேண்டும். எம்37இன் பிரேக்கில் ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரமும் போகும். கான்வாயில் 30 மைல் வேகத்தில் போகையில் அது ஒரு கணக்கு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊருக்குள் போகையில் வேறு கணக்கு. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுவதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சீட் பெல்ட்டும் அப்படியே. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதும் பழைய பட்டறைப் பழக்கத்தை எந்தப் புத்தகம் சொன்னாலும் பின்பற்றக் கூடாது. எதனால் செய்தது என்று தெரியாத பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் தின்றுவிடும், புதியது போட்டே ஆக வேண்டும். ராணுவமே 1980களில் பிரேக் எண்ணெயை ஈரம் உறிஞ்சாத சிலிக்கான் வகைக்கு மாற்றிக்கொண்டது.

அப்படியென்றால் எல்லை எங்கே? சாலையில் போகும் மற்றவரின் உயிருக்காக மாற்றுவது கடமை. ஓட்டுகிறவரின் சௌகரியத்துக்காக மாற்றுவது விருப்பம். கடமையைச் செய்துவிட்டு எழுதி வைக்க வேண்டும். விருப்பத்தைத் திரும்பக் கழற்றும்படி செய்ய வேண்டும். கட்டடங்களுக்காக 1964இல் வந்த வெனிஸ் சாசனத்தையும், அதன் வழியில் பழைய வாகனங்களுக்காக வந்த டூரின் சாசனத்தையும் எழுதியவர்கள் ஆவணப்படுத்துவதை இவ்வளவு வலியுறுத்தியது வீண் சடங்குக்காக அல்ல. கோயில் கல்லை மாற்றிய ஸ்தபதி எதை மாற்றினார் என்று தெரியாவிட்டால் அடுத்து வருகிறவர் எதைக் காப்பாற்றுவார்?

மார்ச் 5

நம் பக்கத்திலும் இந்த வண்டியின் சொந்தம் உண்டு. எம்37இன் சாயலில் நிசான் செய்த கேரியர் வண்டி, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இந்திய ராணுவத்துக்காகக் கட்டப்பட்டது. அங்கேயே கட்டிய ஜோங்கா என்ற ராணுவ வண்டியைப்போல அதுவும் ஏலத்தில் கைமாறி வெளியே வந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சினுக்கு மாற்றி, மலைத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றும் ஒருவரிடம் போய் இந்த வாதத்தையெல்லாம் பேச எனக்கு வாய் வராது. அவர் புதுப்பிக்கவில்லை, பிழைக்கிறார். வண்டியும் அவரிடம் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. என் வாதம், பழையபடி ஆக்கிவிட்டேன் என்று சொல்லி நட்சத்திரம் வரைகிறவரிடம் மட்டும்தான்.

அவரிடமும் நான் கேட்பது அதிகமில்லை. கையேட்டின் கடைசியில் நாலு தாள் சேர்த்துத் தைக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் எந்த வண்டியினுடையது, அதன் ரப்பர் கிட்டின் எண் என்ன, தேதி என்ன. எந்த வயர் புதிது, பழைய எண் பட்டையைக் கழற்றிப் புது வயரில் மாட்டியாயிற்றா. கன்வெர்ட்டர் எந்த ஃபியூஸுக்குப் பின்னால் இருக்கிறது, அதைக் கழற்ற எந்த இரண்டு முனைகளை விடுவிக்க வேண்டும். பென்சிலில் எழுதினால் போதும்; எண்ணெய்க் கை பட்டாலும் பென்சில் எழுத்து கரையாது.