முதலில் கை தூக்கியவர்

போன வருஷம் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூர் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். "இன்னிக்கி மூணு டிக்கெட் அதிகமா போயிருச்சு. நாளைக்கி ராத்திரி போக யாராவது ஒத்துக்கிட்டா ரூம், சாப்பாடு எங்க பொறுப்பு. அடுத்த பயணத்துக்கு ஆளுக்கு அஞ்சாயிரம் ரூபா கூப்பன்" என்று கவுண்டர் பெண் சொல்லி முடிப்பதற்குள் என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. அம்மாவின் கை.

நான் அதைப் பிடித்து இறக்கப் பார்த்தேன். "கேக்குறாங்கல்ல தம்பி, பாவம்" என்றார்.

எனக்கு ஒப்பந்த வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதைச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் அதற்குள் எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி, ஒரு தாளை நீட்டிவிட்டார். கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது இடத்துக்கு ஆள் வரவில்லை. கூப்பன் ஏழாயிரமாயிற்று. இருபது நிமிஷம் கழித்து ஒன்பதாயிரத்தில் ஒரு கல்லூரிப் பையன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். நான் கவுண்டருக்குத் திரும்பிப் போய்ச் சண்டை பிடித்தேன். "நீங்க அஞ்சாயிரத்துக்கு ஒத்துக்கிட்டு சைன் பண்ணிட்டீங்க சார்." அம்மா பின்னால் நின்று என் சட்டையை இழுத்தார்.

அன்று ராத்திரி ஹோட்டலில் தூக்கம் வராமல் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்போதும் வருவதில்லை. கிளம்பிப்போன விமானத்தின் காலி இருக்கையை அப்புறம் யாருக்கும் விற்க முடியாது. அதனால் இருப்பதைவிடக் கூடுதலாக விற்கிறார்கள். எல்லோரும் வந்துவிட்டால் யாரை நிறுத்துவது? ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1968இல் ஒரு வழி சொன்னார். எவ்வளவு கொடுத்தால் இறங்கிக்கொள்வேன் என்று ஒவ்வொரு பயணியும் தாளில் எழுதி உறையில் போட்டுத் தரட்டும், குறைவாகக் கேட்டவர் இறங்கட்டும். விமான நிறுவனங்கள் அதைக் கேலி செய்தன. பத்து வருஷம் கழித்து, 1978இல், விரும்பி இறங்குபவர்களை முதலில் கேட்டாக வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே வந்தது. 2017 ஏப்ரலில் ஷிகாகோவில் 800 டாலர் வரை போயும் யாரும் எழுந்திருக்கவில்லை. 69 வயது டாக்டர் ஒருவரை இருக்கையிலிருந்து தரதரவென்று இழுத்துப் போனதை உலகமே பார்த்தது.

இந்தியாவிலும் முதலில் விருப்பம் கேட்க வேண்டும் என்பதே விதி. விருப்பமில்லாதவரை நிறுத்திவிட்டு 24 மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் அனுப்பினால், ஒருவழிக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000. இதைப் படித்ததும் எரிச்சல் இன்னும் கூடியது. பேசாமல் நின்றிருக்கலாம்.

ஆனால் என் கோபம் அந்தக் கவுண்டர் பெண்மேல் இல்லை என்பது எனக்கே தெரியும்.

நெகிரி செம்பிலானில், லாபு பக்கம் இருந்த எங்கள் தோட்டம் 1996இல் கைமாறியது. சிப்பாங்கில் புது விமான நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாகிக்கொண்டிருந்தது. நீலாய் வட்டாரத்தில் மரங்கள் சாய்ந்த இடமெல்லாம் வீடமைப்புப் பலகைகள் முளைத்தன. ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் எல்லோரையும் ஆபீஸ் வராந்தாவுக்கு வரச் சொன்னார்கள். கிராணி கணக்கு வாசித்தார். 1980ஆம் வருஷ ஆட்குறைப்பு விதிப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். அம்மாவுக்குப் பேர்ப்பதிவில் 22 வருஷம் பால்வெட்டு. ஆக 440 நாள் சம்பளம். நாங்கள் இருந்த லயத்து வீடு அந்தக் கணக்கில் வரவில்லை. வேலை போனால் வீடும் போகும், அவ்வளவுதான். அம்மா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். எங்கள் லயத்தில் முதல் ஆள்.

வீடு தராமல் போகமாட்டோம் என்று ஏழெட்டுக் குடும்பங்கள் உட்கார்ந்துவிட்டன. தண்ணீரை நிறுத்தினார்கள். ஆற்றில் அள்ளிக் குடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இருந்தார்கள். கடைசியில் அவர்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. நாங்கள் சிரம்பானில் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்தக் கதையைச் சொல்லி அம்மாவை நான் எத்தனை முறை குத்தியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

காலையில் அம்மா குளித்துத் தலைவாரி, ஊரில் வாங்கிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "சமயபுரம் இங்கேருந்து கிட்டதானே?"

பத்து நாள் பயணத்தில் கடைசி நாளைத்தான் சமயபுரத்துக்கு வைத்திருந்தோம். முந்தின நாள் கல்யாண விருந்தில் என் வயிறு கெட்டு, நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்து மாரியம்மனை லாரியில் ஏற்றிக் கொண்டுபோன அன்று பின்னாலேயே ரோட்டு முனைவரை நடந்து போனவர் அவர்.

சைமனின் உறையில் அம்மா தன் விலையைத்தான் எழுதினார், எனக்குத்தான் அது தெரியவில்லை என்று இப்போது எழுதிவிடலாம். எழுத ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் சீருடை போட்ட ஒருவர் கேட்டதும் அந்தக் கை எவ்வளவு வேகமாக உயர்ந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் உயர்ந்த கை அது. சமயபுரம் அதற்கு அப்புறம் நினைவுக்கு வந்திருக்கவும் கூடும். கேட்டால் சொல்லமாட்டார்.

கோயிலில் இரண்டு மணி நேரம் வரிசை. அம்மா ஒருமுறைகூட உட்காரவில்லை.

மறுநாள் விடியலில் விமானம் தாழ்ந்தபோது கீழே செம்பனை வரிசை வரிசையாகத் தெரிந்தது. அம்மா ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பையனுக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"ஒம்பதாயிரம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. விரல் மடக்குவது தெரிந்தது.

"அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து எட்டாயிரம் விட்டுட்டோம்" என்றார்.