தபலாவை நிப்பாட்டின மனுசன்

1982 இல் மும்பையில சரண்ஜித் சிங் எண்ட ஒருத்தர் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசிச்சு ஒரு இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். ஆர்.டி. பர்மன் மாதிரி ஆக்களுக்கு ஹிந்திப் படப் பாட்டுகளில் கிட்டாரும் சிந்தசைசரும் வாசிச்ச ஸ்டூடியோக் கலைஞர். அந்தத் தட்டு விற்கவேயில்லை. 2010 இல் ஒரு டச்சு லேபிள் அதைத் திருப்பி வெளியிட்ட பிறகுதான் கனபேர் கேட்டாங்க. 1987 இல் சிக்காகோவில ஃபியூச்சர் குழுவோட 'அசிட் ட்ராக்ஸ்' கொண்டு வந்ததா நம்பின சத்தம் மும்பையில ஏற்கெனவே இருந்திருக்கு. இது போலி எண்டு கூடச் சிலர் சந்தேகப்பட்டாங்க.

அவர் கையில இருந்தது ரோலண்ட் கம்பனியோட மூண்டு மெஷின். ஜூபிடர்-8 இல ராகம், டிஆர்-808 இல தாளம், டிபி-303 இல பேஸ். இந்த 303 ஒரு நேரத்தில ஒரு சுரம்தான் வாசிக்கும். ஆனா ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும். கிட்டார்காரருக்குப் பின்னணி வாசிக்கச் செய்த பெட்டி; அவங்க வாங்காததால 1984 இல நிப்பாட்டிட்டாங்க. அந்த வழுக்கல் ராகத்துக்கு எவ்வளவு பொருந்துது எண்டு கேட்டாத்தான் விளங்கும்.

எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்டு. இது இல்லாமையில வந்த இசை இல்ல. ஜூபிடர்-8 அந்தக் காலத்தில சரியான விலை. பம்பாய் ஸ்டூடியோக்களில் எத்தனை வாத்தியக்காரர், எத்தனை வயலின்! அதையெல்லாம் விட்டுப்போட்டு, தபலாவையும் நிப்பாட்டி, பத்துக்கும் ஒரே மாதிரித் தாளம் வைக்கலாம் எண்டு அவராத்தான் முடிவெடுத்தார்.

"கஷ்டத்திலதான் கலை வரும்" எண்டு வெளியூர் ஆக்கள் எங்களிட்ட சொல்லும்போது எனக்கு எரிச்சல் வாறது இதாலதான். 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்தமே, அது படைப்புக் கட்டுப்பாடு இல்ல, வெறும் இருட்டு. போன் சார்ஜ் இல்லாட்டி பாட்டு இல்ல, அவ்வளவுதான். நானா ஒரு கதவைப் பூட்டுறதும் இன்னொருத்தன் வந்து பூட்டுறதும் ஒண்டா?

போனில ஒரு இலவச செயலி வைச்சுத்தான் நான் இசை செய்றன். நானே போட்ட முதல் விதி, கறுப்புக் கட்டை அஞ்சு மட்டும். எஃப் ஷார்ப்பை 'ச' எண்டு பிடிச்சா மோகனம். வடக்கில அதுதான் பூபாலி. அதே அஞ்சு கட்டையில ஏ ஷார்ப்பை 'ச' ஆக்கினா ஹிந்தோளம், அதாவது மால்கௌன்ஸ். ரெண்டு ராகமும் சிங்கோட தட்டில இருக்கு. கையை மாத்தவே தேவையில்ல, கீழ ஓடுற பேஸ் சுரத்தை மாத்தினாப் போதும், சந்தோசமா இருந்த மெட்டு சட்டெண்டு ராவாகிடும். இதைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு ராத்தாவை எழுப்பிப் போட்டுக் காட்டினன். "படு போ" எண்டா.

ரெண்டாவது விதிதான் கஷ்டம். கடல் சத்தம் கூடாது. லாஞ்சி எஞ்சின், காகம், சந்தை இரைச்சல் ஒண்டும் கூடாது. மூதூர் பொடியன் பாட்டுச் செய்றான் எண்டதும் ஆக்கள் கொட்டியாரக் குடாவைத்தான் எதிர்பார்க்கிறாங்க. கொஞ்சம் தெரிஞ்சவங்க 2004 சுனாமியையும் 2006 சண்டையையும் தேடுவாங்க. அதுகள் நடந்ததுதான், எங்கட வீட்டுக் கதையும் அதுக்குள்ள இருக்கு. ஆனா ஒவ்வொரு பாட்டிலயும் அலையைப் போட்டு 'நான் அங்கயிருந்து வாறன்' எண்டு அடையாள அட்டை காட்ட எனக்கு ஏலாது. தபலாவை எடுத்த பிறகும் சிங்கோட மால்கௌன்ஸ் மால்கௌன்ஸ்தான்.

"அப்ப மூதூர் எங்க மச்சான்?" எண்டு கேட்டான் கூட்டாளி ஒருத்தன். நியாயமான கேள்வி. பொல்லடிக்காரர் கம்பு தட்டுற கணக்கு என்ர காதில சின்ன வயசிலயிருந்து இருக்கு. கம்புச் சத்தத்தைப் பதியாம, அந்தக் கணக்கை மட்டும் பதினாறு கட்டத்துக்குள்ள வைச்சுப் பார்க்கிறன். இதுவரை நாலு பாட்டு முடிஞ்சிருக்கு. மூண்டாவதைக் கேட்ட வாப்பா, என்ன ஏது எண்டு கேக்காம, விரலால கதிரைக் கையில தட்டினார். அதுவும் சரியான இடத்தில.