எட்டுப் பேரப்பிள்ளைகளின் பெயர்கள்

1978 செப்டம்பர் 17. கேம்ப் டேவிட்டில் இஸ்ரேல்-எகிப்து அமைதிப் பேச்சின் பதின்மூன்றாம் நாள். கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் எல்லாம் குலைந்து நிற்கிறது. ஜெருசலேம் விஷயமாக எகிப்துக்கு அமெரிக்கா கொடுக்கவிருந்த கடிதத்தைக் கேள்விப்பட்டு இஸ்ரேல் பிரதமர் பெகின் கொதித்துப் போயிருந்தார். அதற்கு முன்பு அமெரிக்க அதிபர் கார்ட்டரிடம் அவர் ஒரு சின்ன உதவி கேட்டிருந்தார்: அவர்கள் இருவரும் எகிப்து அதிபர் சதாத்தும் சேர்ந்திருக்கும் படத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க. கார்ட்டரின் செயலாளர் சூசன் க்ளோ விசாரித்து எட்டுப் பிள்ளைகளின் பெயர்களையும் வாங்கி வைத்திருந்தார். படத்துக்கு ஒரு பெயராக எழுதிக் கையெழுத்திட்டு, யாரிடமும் கொடுத்தனுப்பாமல், கார்ட்டர் தானே பெகினின் குடிலுக்கு எடுத்துப் போனார்.

பெகின் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலே இருந்த படத்தில் பேத்தியின் பெயரைப் பார்த்ததும் வாய்விட்டுப் படித்தார். அடுத்த படம், அடுத்த பெயர். அவர் உதடு துடித்ததைக் கார்ட்டர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், பிறகு போரைப் பற்றி. கடிதத்தின் வாசகம் மாறியது, பெகின் சம்மதித்தார், அன்றிரவே வெள்ளை மாளிகையில் கையெழுத்தானது.

படங்கள்தான் உடன்படிக்கையைக் காப்பாற்றின என்று சொல்ல மாட்டேன். சினாயை எகிப்துக்குத் திருப்பித் தரும் முடிவும் கடிதத்தின் புதிய வாசகமும் இல்லாமல் எந்தப் படத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த எட்டுப் பெயர்களை ஒருவர் மெனக்கெட்டுக் கேட்டு வாங்கியிருந்தார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எது பெரிது, எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துகொள்ள எடுத்துக்கொள்ளும் அந்தச் சிரமம்தான் எனக்கு மரியாதையாகப் படுகிறது. மாலையும் சிவப்புக் கம்பளமும் எல்லோருக்கும் உண்டு.

*

சதாத் ஜெருசலேம் போனது 1977 நவம்பரில். அங்கே இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மேயர், அப்போதுதான் பிறந்திருந்த சதாத்தின் பேத்திக்கு ஒரு பரிசு கொடுத்தார். நான்கு வருடம் முன்பு இருவரும் போரில் எதிரெதிரே நின்றவர்கள்.

1981 அக்டோபர் 6 அன்று சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். இறுதி ஊர்வலம் 10ஆம் தேதி, சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாள், பெகின் வண்டி ஏறமாட்டார். எனவே நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்கி, நடந்தே போய்க் கலந்துகொண்டார். அரபு நாட்டுத் தலைவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

*

1954இல் ஜெனீவா மாநாட்டில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ், சீனப் பிரதமர் சூ என்லாயோடு கைகுலுக்க மறுத்தார் என்பது ராஜதந்திர வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அவமதிப்பு சூ மனதில் தங்கிவிட்டது என்பதைப் பின்னாளில் அமெரிக்க அதிபரான நிக்ஸன் அறிந்திருந்தார்.

1972 பிப்ரவரி 21, பெய்ஜிங் விமான நிலையம். நிக்ஸன் தன் பரிவாரத்தை விமானத்துக்குள்ளேயே நிறுத்திவைத்தார். கைகுலுக்கும் வரை யாரும் பின்னால் இறங்கக் கூடாது, படத்தில் வேறு தலை தெரியக் கூடாது. அவரும் மனைவியும் மட்டும் படியிறங்கினார்கள். கடைசிப் படியை நெருங்கும்போதே கையை நீட்டிவிட்டார். குளிரில் தொப்பியில்லாமல் நின்றிருந்த சூ, தன் வலக்கையைக் கொடுத்தார். 1939இல் யெனானில் குதிரையிலிருந்து விழுந்தது முதல் அந்தக் கை முழங்கையில் சரியாக நீளாது. அன்றிரவு விருந்தில் மக்கள் விடுதலைப் படையின் இசைக்குழு அமெரிக்கப் பாடல்களை வாசித்தது.

கேமராவுக்காகச் செய்தது என்பார்கள். ஆமாம், கேமராவுக்காகத்தான். பகிரங்கமாக நடந்த அவமதிப்பை மூடிய அறைக்குள் ஈடுகட்ட முடியாது. உலகம் பார்க்க மறுக்கப்பட்ட கையை, உலகம் பார்க்க நீட்டியாக வேண்டும். நிக்ஸனின் அரசியலில் எனக்குப் பிடிக்காதவை ஏராளம். இதில் அவர் செய்தது சரி.

*

மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டது 1970 டிசம்பர் 7. நாஜிகளிடமிருந்து 1933இல் தப்பி ஓடி நார்வேயில் அடைக்கலம் தேடியவர் அவர். நாஜிகள் யூதர்களைக் கொன்ற குற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. அவரை வரவேற்ற போலந்துப் பிரதமர் சிரான்கியேவிச் ஆஷ்விட்ஸ் முகாமில் கிடந்து மீண்டவர். ‘டெர் ஷ்பீகல்’ இதழ் மேற்கு ஜெர்மானியர்களிடம் கேட்டபோது 48 சதவீதம் பேர் அது மிகை என்றார்கள், 41 சதவீதம் பேர் தகும் என்றார்கள். சொந்த ஊரில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியாத அரசியல்வாதி அல்ல அவர்.

*

காட்மாண்டு, 2002 ஜனவரி. இந்திய நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லையில் இரண்டு படைகளும் குவிந்து கிடக்கின்றன. சார்க் மாநாட்டில் பேசி முடித்த பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப், நேரே இந்தியப் பிரதமர் வாஜ்பாயிடம் நடந்து போய்க் கையை நீட்டினார். வாஜ்பாய் எழுந்து கைகொடுத்தார். தன் முறை வந்தபோது, கை நீட்டியதை வரவேற்றுவிட்டு, பயங்கரவாதத்துக்கு இடம் கொடுக்காமல் அதைச் செயலிலும் காட்ட வேண்டும் என்றார்.

நீட்டிய கையை மறுக்காமலும், அதற்காகத் தன் கேள்வியை விட்டுவிடாமலும் பேசிய அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. படைகள் விலக்கப்படும் என்ற அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது.

*

கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸ் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. 1919இல் அனத்தோலியாவுக்குப் படை அனுப்பியவர் அவர். அந்தப் படையைத் தோற்கடித்தவர் துருக்கியின் முஸ்தபா கெமால். 1923இல் லொசான் ஏற்பாட்டின்படி இரு நாடுகளும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்களும் லட்சக்கணக்கான முஸ்லிம்களும் வீடு வாசல் இழந்தார்கள். 1930இல் வெனிசெலோஸ் அங்காரா போனார். 1934 ஜனவரியில், தான் அனுப்பிய படையைத் தோற்கடித்த கெமாலையே நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார்.

படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதே 1930இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில், அகதிகள் விட்டுவந்த சொத்துக்கான உரிமைக் கோரிக்கைகளும் ரத்தாகிவிட்டன. அகதிகள் பலர் அவரைக் கைவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. தலைவர்கள் இருவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. சமரசம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் இன்னொரு போர் வந்திருக்கலாம். இழந்தவர்களிடம் யாராவது போய் முகம் பார்த்துப் பேசினார்களா என்பதுதான் என் கேள்வி.

*

ஜோர்டானின் ஹுசைன் மன்னர் போனார்.

1997 மார்ச் 13 அன்று, இரு நாட்டு எல்லையில் உள்ள நஹராயிமில், சுற்றுலா வந்த இஸ்ரேலிய மாணவிகளை ஒரு ஜோர்டான் சிப்பாய் சுட்டான். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். நான்கு நாள் முன்புதான் மன்னர் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கு மிகக் கடுமையாகக் கடிதம் எழுதியிருந்தார். இரு தரப்பு உறவும் கெட்டுக் கிடந்தது. ஸ்பெயின் பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பியவர், 16ஆம் தேதி அந்தச் சிறுமிகளின் குடும்பங்களைப் பார்க்க இஸ்ரேலின் பெய்ட் ஷெமேஷ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

யூதக் குடும்பங்கள் துக்கத்தின் ஏழு நாளும் தாழ்வாக உட்கார்ந்திருப்பார்கள். மன்னர் நின்றபடி ஆறுதல் சொல்லவில்லை. பெற்றோர் முன் மண்டியிட்டு, அவர்கள் கண்மட்டத்துக்கு வந்து, உங்கள் மகள் என் மகளைப் போல என்று பேசினார். ஓர் அரபு மன்னர் அங்கே போய் மண்டியிடலாமா என்று அரபு உலகில் பலர் கோபப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அரபு நாடுகள் கடுமையாக எதிர்த்துவந்த ஹார் ஹோமா குடியிருப்புக்கு இஸ்ரேல் மண் தோண்டத் தொடங்கியது.

இதை வைத்து அந்தப் பயணம் வீண் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1998 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான வை நதிப் பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. அமெரிக்காவில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஹுசைன், முடியெல்லாம் உதிர்ந்த நிலையில் அங்கே வந்து நெதன்யாகுவிடமும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்திடமும் பேசினார். இரு தரப்பும் காது கொடுத்துக் கேட்டார்கள், உடன்பாடு கையெழுத்தானது. இஸ்ரேலியர்கள் அன்று அவரை அப்படிக் கேட்டதற்குப் பெய்ட் ஷெமேஷும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.