அரை டாலருக்கு ஒரு சிகாகோ!

சிகாகோ போனா எல்லாரும் எங்கே போவாங்க? வில்லிஸ் டவர், மிச்சிகன் ஏரி, பீட்சா கடை! லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போன நான், நேரா போனது ஜாக்சன் பார்க். பாக்கெட்டில், முந்தின நாள் நாணயக் கடையில் அடம்பிடித்து வாங்கிய பழைய வெள்ளி அரை டாலர்.

காசைப் பாருங்க... ஒரு பக்கம் கொலம்பஸ். மறுபக்கம் 'சாந்தா மரியா' கப்பல், அடியில் ரெண்டு பூமி உருண்டை. எடை 12.5 கிராம், 90 சதவிகிதம் வெள்ளி. 1892-ல் வந்த இதுதான் அமெரிக்காவின் முதல் நினைவு நாணயம். கொலம்பஸ் வந்து 400 வருஷம் ஆனதுக்காக சிகாகோ நடத்திய உலகக் கண்காட்சிக்கு நிதி திரட்டத்தான் இந்த ஐடியா. ஆனா, கண்காட்சி திறந்தது 1893 மே மாசம்தான். நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ் மாதிரியே லேட்!

ஐம்பது சென்ட் காசை ஒரு டாலருக்கு வித்தாங்க. அதே ஒரு டாலர் இருந்தா, ஐம்பது சென்ட் கொடுத்து கண்காட்சிக்குள்ளே நுழையலாம். மிச்ச ஐம்பதுக்கு ஃபெர்ரிஸ் கட்டிய ராட்சத ராட்டினத்தில் சுத்தலாம். 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். கட்டின இன்ஜினீயருக்கு அப்போ வயசு 34! நீங்களா இருந்தா எதைத் தேர்ந்தெடுப்பீங்க? விற்காம மலையா குவிஞ்ச காசில் ஒரு பகுதியை உருக்கிட்டாங்க. மிச்சத்தை ஐம்பது சென்ட்டுக்கே சில்லறையா புழக்கத்தில் விட்டுட்டாங்க. என் காசில் கொலம்பஸ் கன்னம் தேஞ்சிருக்கிறது அதனாலதான்.

அந்தக் கண்காட்சியின் வெள்ளை மாளிகைகள் பெரும்பாலும் தற்காலிகக் கட்டடங்கள். ஜாக்சன் பார்க்கில் இப்போ கம்பீரமா நிற்பது அன்றைய கலை மாளிகை மட்டும்தான். இன்னிக்கு அது அறிவியல் மியூசியம். சென்னை இளைஞர்கள் வீடு வீடா வசூல் பண்ணி அனுப்பிவெச்ச விவேகானந்தர் பேசியதும் இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த மாநாட்டில்தான். அந்த அரங்கம் இருந்த கட்டடம் நகர மையத்தில் இருக்கு.

மியூசியம் படிக்கட்டில் உட்கார்ந்து காசை எடுத்தேன். பளபளன்னு மின்னுச்சு. அதுதான் பாஸ் பிரச்னையே! வாங்கின ராத்திரியே டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுட்டேன். காலையில் உறை வாங்க அதே கடைக்குப் போனா, பெரியவர் லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு, "தேய்ச்சியா தம்பி?"ன்னார். முகம் பூரா மெல்லிய கீறல். "இனி இதுக்கு வெள்ளி விலைதான்"னு சொல்லிட்டார். நூறு வருஷத்துக்கு மேல படிஞ்ச சாம்பல் நிறத்தை மூணே நிமிஷத்தில் காலி பண்ணியிருக்கேன்!

தாத்தா பெட்டியில் பழைய காசு கிடைச்சா ஓரத்தைப் பிடிச்சு எடுங்க. தேய்க்காதீங்க, ப்ளீஸ். அழுக்குன்னு நீங்க நினைக்கிறதுதான் அதோட வயசு!