பதினோராயிரம் பேர் நட்ட மலை

முத்தாண்டிக்குப்பம் பக்கம் எல்லாமே சமதரை. செம்மண்ணு, முந்திரித் தோப்பு, பலா. மலைன்னு ஒண்ணு கிடையாது. ஆனா நெய்வேலி சுரங்கத்துப் பக்கம் போனா குன்று குன்றா நிக்கும். புதுசா வர்றவங்க "இங்க ஏது மலை?"ன்னு கேப்பாங்க. அதப் பத்தி ஒரு த்ரெட்.

அந்தக் குன்றுங்க மனுஷன் கொட்டின மண்ணு. இங்க பழுப்பு நிலக்கரி சுமார் 50 மீட்டருக்கும் கீழ கிடக்கு. 1957ல சுரங்க வேலை தொடங்கிச்சு. மேல இருக்கிற மண்ணை ராட்சத சக்கர இயந்திரம் வெட்டுது, பெல்ட் சுமந்துட்டுப் போகுது, இன்னொரு இயந்திரம் கொட்டுது. பழைய குன்றுகள்ல மரம் வெச்சு, இப்ப பச்சையா இருக்கு.

இதே மாதிரி ஒரு மலை பின்லாந்துல இருக்கு. பேரு 'ட்ரீ மவுண்டன்'. ஆனா அது ஒரு சிற்பம்!

புடாபெஸ்ட்ல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்த ஆக்னஸ் டெனிஸ்ங்கிற கலைஞரோட யோசனை அது. யுலோயார்வி ஊர்ல சரளைக்கல் தோண்டி நாசமான இடத்துல, 420 மீட்டர் நீளம், 270 மீட்டர் அகலம், 28 மீட்டர் உயரத்துல ஒரு செயற்கை மலை. 1992லேர்ந்து 1996க்குள்ள அதுல 11,000 பைன் மரம் நட்டாங்க. சூரியகாந்திப் பூவுல விதை சுத்திச் சுத்தி அடுக்கியிருக்குமே, அந்தக் கணக்குல வரிசை.

எனக்குப் பிடிச்ச விஷயம் அடுத்தது. 11,000 மரத்தையும் நட்டது 11,000 பேர். ஆளுக்கு ஒரு மரம், ஆளுக்கு ஒரு சான்றிதழ். 400 வருஷம் செல்லும். பிள்ளை, பேரன்னு எழுதி வெக்கலாம். மலையை மட்டும் யாரும் விக்க முடியாது.

ஒரு காகிதம் என்ன பண்ணிடும்னு தோணலாம். பிரிஸ்கிரிப்ஷனைத் தொலைச்சிட்டு வர்ற அம்மாகூட, குழந்தை பேர் எழுதின தடுப்பூசி அட்டையை கவர்ல போட்டு பத்திரமா கொண்டு வருவாங்க. பேர் இருந்தா அது நம்மளுது. நம்மளுதுன்னா காப்பாத்துவோம்.

இப்ப நம்ம குன்றுக்கு வருவோம். ஓ.பி. சீட்டுல எழுத "எந்த ஊரும்மா?"ன்னு கேட்டா, ரெண்டு ஊர் சொல்ற பெரியவங்க இங்க உண்டு. இப்ப இருக்கிற ஊரு ஒண்ணு, சுரங்கத்துக்காக விட்டுட்டு வந்த ஊரு ஒண்ணு. சீட்டுல ஒரு ஊருக்குத்தான் இடம். அந்தப் பழைய ஊரோட மண்ணு எங்க போச்சு? அந்தக் குன்றுலதான எங்கயோ இருக்கு. அவங்க வீட்டுத் தரை, கொல்லை, முந்திரி நின்ன இடம் எல்லாம் சேந்து ஏறின உயரம் அது.

அடுத்து ஒரு மண்மேட்டுல மரம் நடும்போது அந்தக் குடும்பங்களைக் கூப்பிடணும். ஆளுக்கு ஒரு கன்னு. அது முந்திரியாவோ பலாவாவோ இருக்கட்டும். கூடவே ஒரு சான்றிதழ்: நட்டவர் பேரு, அதுக்குக் கீழ பழைய ஊர் பேரு. நஷ்டஈடு, வேலை எல்லாம் தனிக் கணக்கு. அதுக்கு இது ஈடே ஆகாது. ஆனா பேத்தியைக் கூட்டிட்டுப் போயி "இது நம்ம மரம், இது நம்ம ஊரு மண்ணு"ன்னு காட்ட அவங்களுக்கு ஒரு இடம் கிடைக்கும்.

நெய்வேலி சுத்துவட்டாரத்துக்காரங்க யாராச்சும் இதைப் படிச்சா, உங்க தாத்தா பாட்டி சொன்ன பழைய ஊர் பேரைக் கீழ எழுதிட்டுப் போங்க.