கயிற்றைப் பிடித்திருப்பவர்



விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் ஆழ்கடல் ஆய்வு பற்றி அண்மையில் இங்கு நிகழ்ந்த அறிவியல் உரையைக் கேட்கப் பிள்ளைகளுடன் சென்றிருந்தோம். கந்தக பூமியில் வாழ்வோருக்கு ஆழ்கடலால் என்ன பயன் என்று உறவினர் சிலர் வினவினர். அவர்களுக்கான விடையையே இங்குப் பகிர விழைகிறோம்.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ‘மத்ஸ்யா 6000’ என்னும் நீர்மூழ்கி ஊர்தியை உருவாக்கி வருகிறது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புவதே நோக்கம். அங்கு அழுத்தம், தரையில் நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. ஆகவே அவர்கள் அமரும் அறை 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளமாக வடிவமைக்கப்பட்டுள்ளது. அதன் சுவர் 80 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பயணம் 12 மணி நேரமே. எனினும் இடர் நேர்ந்தால் 96 மணி நேரம் உயிர்காக்கும் ஏற்பாடும் அதில் உண்டு.

அக்காலத்தில் கீழக்கரை முஸ்லிம்கள் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக முத்துக்குளித்தனர். படகில் கயிற்றைப் பிடித்திருந்தவரின் விழிப்பே மூழ்கியவரின் உயிர். கருவிகள் மாறினாலும் அந்தப் பொறுப்பு மாறவில்லை.

கடலில் அழுத்தம் வெளியிலிருந்து நெருக்குகிறது. பட்டாசிலோ, மருந்து எரிந்து எழும் வாயு உள்ளிருந்து வெடிக்கிறது. இரண்டையும் விளக்குவது ஒரே இயற்பியல். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைகளுக்கிடையே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்னும் விதிகளும் அவ்வறிவிலிருந்து பிறந்தவையே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை.

கடலடிக்குச் செல்லும் மூவருக்காக இத்தனை கவனம் செலுத்தும் அறிவியல், காலையில் தூக்குச்சட்டியுடன் ஆலைப் பேருந்தில் ஏறும் தாய்மாருக்கும் உரியது. தொழிலாளியின் உயிர் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓர் உயிரின் மதிப்பை ஸூரா அல்மாயிதாவின் 32ஆம் வசனம் நமக்கு உணர்த்தியுள்ளது.

ஆகவே இத்தகைய உரைகளை நம் மஹல்லாக்களுக்கும் அழைப்போம். மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேதியியல் ஆசிரியர் ஒருவரைப் பேசச் சொல்வோம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பாயில் அமர்ந்து கேட்கட்டும். கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பது அங்கே தெளிவாகும்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.